சேர்வராயன் மலையில் டைனோசார் உண்டா?

பத்தாம் வகுப்பு மாணவி

நாய், பூனை, கிளி ஆகியவற்றிடம் அன்பு கொண்டவர்கள் பலர். உயிரோடு ஒரு முறைகூடக் காண முடியாத பிராணியிடம் அன்பு கொண்டவர்கள் சிலரே. பத்தாம் வகுப்பில் படிக்கும் நாங்கள் ஐந்து பேர் அந்தச் சிலரைச் சேர்ந்தவர்கள். ஆறாம் வகுப்பில் படிக்கும்போது, எங்கள் பள்ளி நூலகத்தில் அட்டை கிழிந்த படப் புத்தகம் ஒன்று கையில் கிடைத்தது. அன்று பிடித்த பைத்தியம் இன்னும் தெளியவில்லை என்று எங்கள் வகுப்பு மாணவிகள் கேலி செய்கிறார்கள். செய்யட்டும்!

டைனோசார் என்னும் சொல்லை 1842-ம் ஆண்டு ரிச்சர்டு ஓவன் என்னும் ஆங்கிலேய அறிஞர் உருவாக்கினார். கிரேக்க மொழியில் அதற்குப் ‘பயங்கரமான பல்லி’ என்று பொருள். உண்மையில் அவை பல்லிகளும் அல்ல, எல்லாமே பயங்கரமானவையும் அல்ல. கோழி அளவே இருந்தவையும் உண்டு. இலை தழைகளை மட்டும் தின்று வாழ்ந்தவையும் ஏராளம். டைனோசார்களின் ஒரு கிளையிலிருந்து தோன்றியவையே பறவைகள் என்று இன்று அறிவியலார் கூறுகின்றனர். ஆகவே, காலையில் எங்கள் விடுதிச் சன்னலில் வந்து கத்தும் மைனாவும் அந்த வம்சமே! இதைச் சொன்னால் விடுதிச் சமையலம்மா சிரிக்கிறார். “அப்படியானால் ஞாயிற்றுக்கிழமை நீங்கள் சாப்பிடுவது என்ன குழம்பு?” என்று கேட்கிறார்.

எங்களில் ஒருத்திக்கு மூன்று கொம்பு டிரைசெராடாப்ஸ் பிடிக்கும். ஒருத்திக்கு டிரைனோசாரஸ். இன்னொருத்தி முதுகில் தகடு வரிசை கொண்ட ஸ்டெகோசாரஸ்மீது உயிரையே வைத்திருக்கிறாள். ஆனால் இவை எல்லாம் அமெரிக்காவில் கிடைத்தவை. எனவே எட்டாம் வகுப்பு முதல் எங்களுக்கு ஒரு கேள்வி பிறந்தது: நம் ஏற்காட்டில் தோண்டினால் டைனோசார் எலும்பு கிடைக்குமா? இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வரும் வழியெல்லாம் பாறைதானே? ஏதாவது ஒரு பாறைக்குள் ஒன்றாவது உறங்காமலா இருக்கும்?

எங்கள் அறிவியல் ஆசிரியையிடம் கேட்டோம். அவர் “கிடைக்காது” என்று ஒரே சொல்லில் கூறினார். பிறகு காரணத்தை விளக்கினார். அந்தக் காரணம், எலும்பு கிடைத்திருந்தால் ஏற்பட்டிருக்கும் வியப்பைவிடப் பெரிய வியப்பை எங்களுக்கு அளித்தது.

சேர்வராயன் மலை பெரும்பாலும் சார்னகைட் என்னும் பாறையால் ஆனது. கல்கத்தா நகரோடு தொடர்புடைய ஜாப் சார்னக் என்னும் ஆங்கிலேயரின் கல்லறைக் கல் இந்தப் பாறை வகையைச் சேர்ந்தது. அதனால்தான் தாமஸ் ஹாலந்து என்னும் புவியியலார் 1893-ம் ஆண்டு இதற்கு அந்தப் பெயரைச் சூட்டினார். கருநீலமும் சாம்பலும் கலந்த நிறம். உடைத்துப் பார்த்தால் எண்ணெய் தடவியது போன்ற பளபளப்பு. மழைக்காலத்தில் கிளியூர் அருவிப் பக்கம் நனைந்து கிடக்கும் பாறைகளைக் கவனித்தவர்களுக்கு இது புரியும். இந்தப் பாறை பூமியின் அடியில் பல கிலோமீட்டர் ஆழத்தில், கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் வெந்து உருவானது. அதன் வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள். அந்தக் காலத்தில் பூமியில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களைத் தவிர வேறு எதுவும் இல்லை. அப்படியே ஏதாவது இருந்திருந்தாலும் அந்த உலையில் எலும்பு மிஞ்சுமா?

250 கோடி என்றால் எவ்வளவு என்று எங்கள் மனத்தில் ஏறவில்லை. எனவே தையல் வகுப்பில் இரண்டரை மீட்டர் நூலை வெட்டி எடுத்து, ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு கோடி ஆண்டு என்று கணக்கு வைத்துக்கொண்டோம். நூலின் ஒரு முனை நம் மலைப் பாறை பிறந்த நாள். மறு முனை இன்றைய நாள். டைனோசார்கள் தோன்றிய காலத்தைக் குறிக்கச் சிவப்பு நூல் கட்டினோம். அது இன்றைய முனையிலிருந்து 23 சென்டிமீட்டர் தொலைவில், அதாவது ஒரு சாண் தள்ளி வந்தது. அவை அழிந்தது 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன்; அதற்கு 6.6 சென்டிமீட்டரில் ஒரு முடிச்சு. மனித இனத்தின் வயது ஏறத்தாழ மூன்று லட்சம் ஆண்டு. அது ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. முனையில் போட்ட முடிச்சுக்குள் மனித இனமே அடங்கிவிட்டது! நாங்கள் பேச்சற்று நின்றோம். டைனோசார்கள் மிகப் பழமையானவை என்று எண்ணியிருந்த எங்களுக்கு, நாங்கள் தினமும் உட்கார்ந்து மதிய உணவு உண்ணும் பாறையின் முன் அவை நேற்றுப் பிறந்த குழந்தைகளாகத் தெரிந்தன.

சேலத்திலிருந்து வரும்போது தெரியும் வெள்ளைக்கல் பூமியைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆங்கிலேயர் அதைச் ‘சாக் ஹில்ஸ்’ என்று எழுதி வைத்துவிட்டார்கள். சாக் என்பது கடல்வாழ் நுண்ணுயிர்களின் ஓடுகள் படிந்து உண்டாவது. எனவே அங்கே பழைய உயிர்களைத் தேடலாம் என்று எங்களில் ஒருத்தி துள்ளினாள். ஆனால் அது சாக் அன்று, மாக்னசைட். அதற்கும் கடல் ஓட்டிற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. மேலே சேர்வராயன் கோயில் பக்கத்துச் செம்மண்ணிலுள்ள பாக்சைட் சார்னகைட் பாறையே வெயிலிலும் மழையிலும் நெடுங்காலம் கரைந்து மாறியதால் உண்டானது. ஒரு காலத்தில் அது மேட்டூர் அலுமினிய ஆலைக்குச் சென்றது. அங்கேயும் எலும்பு இல்லை.

அப்படியானால் எலும்பு எங்கே? அதற்கு மலையை விட்டு இறங்க வேண்டும். இறங்குவதற்கு முன், இந்த இரு நிலங்களையும் அறிந்த ஒருவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவர் பெயர் ராபர்ட் புரூஸ் ஃபூட்.

ஃபூட் 1858-ம் ஆண்டு இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் சேர்ந்தார். 1863-ம் ஆண்டு மே மாதம் சென்னைக்கு அருகில் பல்லாவரத்தில் ஆதி மனிதனின் கற்கோடரி ஒன்றைக் கண்டெடுத்தார். இந்தியாவின் கற்கால வரலாறே அந்தக் கல்லிலிருந்துதான் தொடங்குகிறது என்பார்கள். சேலம், திருச்சிராப்பள்ளிப் பகுதிகளின் பாறை அமைப்பைப் பற்றி வில்லியம் கிங் என்பவருடன் சேர்ந்து 1864-ம் ஆண்டு அறிக்கை எழுதினார். இன்றைய கர்நாடகத்தின் கோகாக் அருகே கிடைத்த, அழிந்துபோன ஒரு காண்டாமிருகத்தின் எலும்புகளை விவரித்து 1874-ம் ஆண்டு அதற்குப் பெயரிட்டவரும் இவரே. ஓய்வு பெற்றபின் நம் ஏற்காட்டில் வீடு கட்டிக் குடியிருந்தார். இம்மலையிலேயே புதிய கற்காலக் கருவிகளைத் தேடிச் சேர்த்தார். அவர் சேகரித்த பொருள்கள் சென்னை அரும்பொருட்காட்சியகத்தில் உள்ளன. 1912-ம் ஆண்டு அவர் காலமானார். அவருடைய நினைவிடம் ஏற்காட்டுப் பரிசுத்தத் திரித்துவ ஆலயத்தில் இருக்கிறது. ஏரிக்கும் படகுத் துறைக்கும் வரும் பயணிகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

சென்ற ஆண்டு எங்கள் வகுப்பு ஒரு நாள் கல்விச் சுற்றுலா சென்றது. எங்கே போகலாம் என்று கேட்டபோது எல்லாரும் வழக்கமான இடங்களைச் சொன்னார்கள். நாங்கள் ஐவரும் பெரம்பலூர் என்றோம். “பெரம்பலூரில் என்ன இருக்கிறது? பருத்தியும் மக்காச்சோளமுமா?” என்று மற்றவர்கள் முணுமுணுத்தார்கள். நல்ல வேளை, தலைமைச் சகோதரி எங்கள் பக்கம் பேசினார்கள். விடியற்காலை புறப்பட்டு, சேலம், ஆத்தூர் வழியாக நான்கு மணி நேரப் பயணம்.

அந்தப் பயணத்தின்போது நாங்கள் கடந்தது வெறும் சாலை அன்று. ஒரு பழைய கடற்கரையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தோம். ஏறத்தாழ 13 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியா அண்டார்டிகாவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் பிரிந்தது. பிரிந்த கிழக்கு விளிம்பில் நிலம் தாழ்ந்து கடல் உள்ளே வந்தது. இன்றைய பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் பெரும் பகுதி பல கோடி ஆண்டுகள் ஆழமற்ற கடலாக இருந்தது. கடல் ஏறியது, இறங்கியது, மீண்டும் ஏறியது. ஒவ்வொரு முறையும் சேறும் மணலும் ஓடுகளும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்தன. மேற்கே இருந்த உயர்ந்த நிலத்தின் பழம்பாறைகள் கரைந்துதான் அந்த மணலில் பெரும் பங்கு சென்றிருக்க வேண்டும். டைனோசார்களுக்குப் படுக்கை விரித்தது நம் சார்னகைட்டின் உறவினர்கள்தாம் என்று சொல்லிக்கொள்ள எங்களுக்கு ஆசை!

1840-களில் கே, கன்லிஃப் என்னும் இரு ஆங்கிலேயர்கள் இங்கே கல்லாய்ப் போன சிப்பிகளைச் சேகரித்து லண்டனுக்கு அனுப்பினார்கள். பிறகு ஹென்றி பிளான்ஃபோர்டு இந்தப் பகுதி முழுவதையும் ஆராய்ந்து, படிவுகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று ஊர்ப் பெயர்களாலேயே வகைப்படுத்தினார். உலகப் புவியியல் நூல்களில் நம் ஊட்டத்தூர் என்னும் சிற்றூரின் பெயர் இடம் பெற்றிருப்பது பெருமை அல்லவா? இன்று அரியலூரைச் சிமெண்டு நகரம் என்கிறோம். அந்தச் சிமெண்டுக்குரிய சுண்ணாம்புக்கல் வந்தது இந்தப் பழங்கடலின் உயிர்களிடமிருந்துதான். நம் வீட்டுச் சுவரிலும் டைனோசார் காலத்துக் கடல் சிறிது கலந்திருக்கலாம்.

முதலில் சாத்தனூர் சென்றோம். அங்கே ஒரு மரம் படுத்திருக்கிறது. 18 மீட்டர் நீளம். தொலைவிலிருந்து பார்த்தால் புயலில் விழுந்த மரம் என்றே தோன்றும். கிட்டே போய்த் தட்டினால் கல்! ஏறத்தாழ 12 கோடி ஆண்டுகளுக்கு முன் கரையோரக் காட்டில் வளர்ந்த ஊசியிலை மர இனம். வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டுக் கடற்சேற்றில் புதைந்து கல்லாகிவிட்டது. டாக்டர் எம். எஸ். கிருஷ்ணன் 1940-ம் ஆண்டு இதைக் கண்டறிந்தார். தேசியப் புவியியல் நினைவுச் சின்னமாக இது பாதுகாக்கப்படுகிறது. முணுமுணுத்த தோழிகள்கூட இங்கே வாயடைத்துப் போனார்கள்.

அடுத்து காரை. செம்மையும் சாம்பலும் கலந்த களிமண் மேடுகள். புல் பூண்டு அதிகம் இல்லை. மழை நீர் அறுத்த ஓடைகள் ஆயிரம். வெயில் மண்டையைப் பிளந்தது. ஏற்காட்டுக் குளிரில் வளர்ந்த எங்களுக்கு அது பெரும் சோதனை. ஆனால் குனிந்து பார்த்தால் களிமண்ணில் கடல் கிடக்கிறது! சுருண்ட ஆட்டுக்கொம்பு போன்ற அம்மோனைட்டு, துப்பாக்கிக் குண்டு போன்ற பெலம்னைட்டு, சிப்பித் துண்டுகள். அம்மோனைட்டு என்பது கணவாய் மீனின் தூரத்து உறவு. வட நாட்டிலிருந்து கொண்டுவந்து இந்துக்கள் வழிபடும் சாளக்கிராமக் கற்கள் பலவற்றின் உள்ளே இருப்பதும் அம்மோனைட்டுதான். டைனோசார்கள் மறைந்த அதே காலத்தில் இவையும் உலகெங்கும் மறைந்தன.

எங்களில் ஒருத்தி அழகான அம்மோனைட்டு ஒன்றைக் கையில் எடுத்து, பள்ளி ஆய்வகத்துக்குக் கொண்டு போகலாம் என்று கெஞ்சினாள். ஆசிரியை அனுமதிக்கவில்லை. “இந்தக் கல் இந்த அடுக்கில் கிடக்கும் வரைதான் அதற்குத் தேதி உண்டு. நம் அலமாரிக்கு வந்துவிட்டால் அது வெறும் அலங்காரக் கல்” என்றார். அவள் கண் கலங்க அதை எடுத்த இடத்திலேயே வைத்தாள். எங்களுக்கும் அப்போது வருத்தமாகத்தான் இருந்தது. ஒவ்வொரு சுற்றுலாவும் ஒவ்வொரு கல்லை எடுத்துப் போனால் காரையில் என்ன மிஞ்சும் என்று பேருந்தில் திரும்பும்போது பேசிக்கொண்டோம்.

காரைக் களிமண்ணில் சுறாமீன் பற்களும் கிடைத்திருக்கின்றன. இங்கே ஓர் ஆயரை நினைவுகூர வேண்டும். நிக்கோலஸ் ஸ்டீனோ என்னும் டென்மார்க்கு நாட்டு மருத்துவர் 1666-ம் ஆண்டு இத்தாலியில் பிடிபட்ட ஒரு பெரிய சுறாவின் தலையை அறுத்து ஆராய்ந்தார். பாறைகளில் கிடைக்கும் ‘நாக்குக் கற்கள்’ வானத்திலிருந்து விழுந்தவை என்று அந்நாளில் பலர் நம்பினர். அவை பழைய சுறாப் பற்களே என்று ஸ்டீனோ எடுத்துக் காட்டினார். படிவுகளில் கீழே உள்ளது பழையது, மேலே உள்ளது புதியது என்னும் விதியை 1669-ல் எழுதினார். பின்னர் குருவாகி, 1677-ல் ஆயராகவும் ஆனார். திருத்தந்தை இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் 1988-ம் ஆண்டு இவருக்கு முத்திப்பேறு பட்டம் அளித்தார். “நோவாவின் பேழையில் டைனோசார் ஏறியதா, சிஸ்டர்?” என்று ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி கேட்டபோது, எங்கள் மறைக்கல்விச் சகோதரி இந்த ஸ்டீனோவின் கதையைத்தான் சொன்னார்கள். “படைத்தவர் யார் என்பதை விவிலியத்தில் படி, எப்போது எப்படி என்பதை ஸ்டீனோவைப் போலப் பாறையில் படி” என்றார்கள். அந்தச் சிறுமிக்கு முழுத் திருப்தி இல்லை. பேழையில் இடம் போதாது என்பதே அவளுடைய முடிவு.

இனி எங்கள் செல்லப் பிராணிகளுக்கு வருவோம்.

ஸ்டெகோசாரஸ் பிரியை ஒருத்தியைப் பற்றிச் சொன்னோம் அல்லவா? யாதகிரி, அய்யாசாமி என்னும் இரு இந்தியப் புவியியலார் அரியலூருக்கு அருகில் கிடைத்த எலும்புகளுக்கு 1979-ம் ஆண்டு ‘திராவிடோசாரஸ் பிளான்ஃபோர்டி’ என்று பெயர் சூட்டினார்கள் என்பதை அவள் படித்தாள். முதுகில் தகடு கொண்ட, சுமார் மூன்று மீட்டர் நீளமுள்ள ஸ்டெகோசார் இனம் என்பது அவர்கள் கருத்து. மற்ற நாடுகளில் அந்த இனம் மறைந்து பல கோடி ஆண்டுகளுக்குப் பின்னும் நம் தமிழ்நாட்டில் அது வாழ்ந்தது என்றால் எப்படி இருக்கும்! அவள் நான்கு நாள் தரையில் நடக்கவில்லை. பிறகு வந்தது இடி. 1996-ம் ஆண்டு சங்கர் சாட்டர்ஜி முதலிய அறிஞர்கள் அந்த எலும்புகளை மறுபடி ஆராய்ந்து, அவை டைனோசாருடையவை அல்ல, பிளிசியோசார் என்னும் கடல்வாழ் ஊர்வனவற்றுடையவை என்று எழுதினார்கள். நான்கு துடுப்புகளுடன் நீந்தும் பிராணி அது. பெயர் வைத்தவருள் ஒருவரான அய்யாசாமி அவர்களே பங்கு கொண்டு 2017-ல் வெளிவந்த கட்டுரையும் அது ஸ்டெகோசார் அன்று என்றே கூறுகிறது. தாம் வைத்த பெயரைத் தாமே மறு ஆய்வு செய்வதற்கு எவ்வளவு பெரிய மனம் வேண்டும்! எங்கள் தோழி ஒரு வாரம் துக்கம் காத்தாள். பிறகு, “கடலில் நீந்தினால் என்ன, அரியலூர்ப் பிள்ளைதானே” என்று படத்தில் தகடுகளை அழித்துவிட்டுத் துடுப்பு வரைந்தாள்.

அடுத்தது எங்கள் ஐவருக்கும் பொதுவான ராட்சதன். அரியலூர் மாவட்டத்தில் கல்லமேடு என்று ஓர் ஊர். அங்குள்ள மணற்பாறையும் களிமண்ணும் கடலில் அல்ல, ஆற்றங்கரையில் படிந்தவை. டைனோசார் யுகத்தின் கடைசிக் காலத்தவை. சார்லஸ் மாட்லி என்னும் ஆங்கிலேயர் திருச்சிராப்பள்ளி மாவட்ட டைனோசார்களைப் பற்றி 1929-லேயே எழுதியிருக்கிறார். 1980-களின் பிற்பகுதியில் அதே யாதகிரியும் அய்யாசாமியும் கல்லமேட்டில் கிடைத்த மாபெரும் எலும்புகளை விவரித்து, ‘பிருஹத்காயோசாரஸ் மாட்லியி’ என்று பெயரிட்டார்கள். பிருஹத் என்றால் பெரிய. காயம் என்றால் உடல். அதே மாவட்டத்துக் கங்கைகொண்ட சோழபுரத்தில் கோயில் கொண்டுள்ள பிரகதீசுவரர் பெயரிலும் இதே ‘பெரிய’ இருக்கிறது. அந்த மாவட்டத்துக்கே பெரிதாகச் செய்துதான் பழக்கம் போலும்!

முழங்காலுக்குக் கீழே உள்ள கால் எலும்பு மட்டும் இரண்டு மீட்டர் நீளம். எங்கள் வகுப்பறைக் கதவில் அளந்து சாக்பீசால் கோடு போட்டோம். கதவு நிலையின் மேல் விளிம்புக்குச் சற்றுக் கீழே வந்து நின்றது. ஒரு காலின் கீழ்ப்பாதியே இவ்வளவு என்றால் முழுப் பிராணி எவ்வளவு? முதலில் இது ஊன் உண்ணும் இனம் என்று கருதப்பட்டது. பின்னர், நீண்ட கழுத்தும் வாலும் கொண்ட தாவர உண்ணி என்று பிற அறிஞர்கள் திருத்தினார்கள். எடை நூறு டன்னுக்கு மேல் இருந்திருக்கலாம் என்று 2023-ம் ஆண்டு ஒரு மதிப்பீடு வெளியானது. அது சரியானால், நிலத்தில் நடந்த பிராணிகளிலேயே மிகப் பெரியவற்றுள் ஒன்று நீலத் திமிங்கிலத்துக்கு இணையாக நம் அரியலூரில் நடந்திருக்கிறது!

‘அது சரியானால்’ என்று ஏன் எழுதினோம்? அந்த எலும்புகள் இன்று இல்லை.

பல கோடி ஆண்டு மண்ணுக்குள் கிடந்த எலும்பு வெளியே வரும்போது ரஸ்க் ரொட்டியைப் போல நொறுங்கும். அதனால் கை முறிந்தவர்களுக்கு மாவுக்கட்டுப் போடுவது போல, சாக்குத் துணியையும் பிளாஸ்டர் ஆஃப் பாரிசையும் சுற்றித்தான் எடுப்பார்கள். கல்லமேட்டு எலும்புகளோ அந்தக் கட்டுக்குள்ளேயே சிதையத் தொடங்கி, ஆய்வு நிலையம் போய்ச் சேருமுன்பே அழிந்து போனதாக 2017-ம் ஆண்டுக் கட்டுரை தெரிவிக்கிறது. மிஞ்சியவை சில வரைபடங்களும் அளவுகளுமே. எலும்பைக் கண்ணால் காணாத வெளிநாட்டு அறிஞர் சிலர், ‘அது எலும்பே அல்ல, கல்மரத் துண்டாக இருக்கலாம்’ என்றுகூட ஐயுற்றனர். சாத்தனூர் மரத்தைப் பார்த்துவிட்டு வந்த எங்களுக்கு அந்த ஐயம் நியாயமற்றதாகத் தோன்றவில்லை. ஆனாலும் நெஞ்சு பொறுக்கவில்லை. 2022-ம் ஆண்டு, அகழ்ந்த காலத்தில் எடுத்த பழைய புகைப்படங்கள் வெளியிடப்பட்டன. அவற்றால் அது எலும்புதான் என்னும் கட்சி வலுப்பெற்றது. உலகின் மிகப் பெரிய பிராணி என்று உரிமை கொண்டாட நம்மிடம் இருப்பது சில புகைப்படங்கள் மட்டுமே. அர்ஜென்டினா நாட்டில் கிடைத்த ராட்சத எலும்புகள் காட்சியகத்தில் நிற்கின்றன. குழந்தைகள் அண்ணாந்து பார்க்கிறார்கள். நம் ராட்சதனை நாம் எங்கே போய் அண்ணாந்து பார்ப்பது?

நம் நாட்டில் எதுவுமே பாதுகாக்கப்படவில்லை என்று எண்ணிவிட வேண்டாம். கோதாவரிப் பள்ளத்தாக்கில் கிடைத்த பாராபாசாரஸ் டாகோரியின் எலும்புக்கூடு கல்கத்தாவிலுள்ள இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் நிறுத்தப்பட்டுள்ளது. 1961-ல் ரவீந்திரநாத் தாகூரின் நூற்றாண்டு கொண்டாடப்பட்டதால் அவர் பெயர். ‘பாரா பா’ என்றால் வங்காளியில் பெரிய கால். அதன் தொடை எலும்பு ஏறத்தாழ 1.7 மீட்டர். கவிஞர் பெயரில் ஒரு டைனோசார் என்பது எங்கள் தமிழாசிரியைக்கு மிகவும் பிடித்துவிட்டது. பாரதியின் பெயரில் ஏன் இல்லை என்று எங்களைக் கேட்கிறார். ஐதராபாத்துப் பிர்லா அறிவியல் காட்சியகத்தில் கோட்டாசாரஸ் நிற்கிறது. நர்மதைக் கரையில் கிடைத்து 2003-ல் பெயர் பெற்ற, தலையில் சிறு கொம்புடைய ராஜசாரஸ் எங்கள் டிரைனோசாரஸ் பிரியையின் மனத்தையே மாற்றிவிட்டது.

2020-ம் ஆண்டு பெரம்பலூர் மாவட்டம் குன்னம் அருகே குளம் தோண்டும்போது உருண்டை உருண்டையாகக் கற்கள் வெளிப்பட்டன. டைனோசார் முட்டை என்று ஊரெங்கும் செய்தி பரவி, மக்கள் திரண்டனர். புவியியலார் வந்து பார்த்து, முட்டை அல்ல, அம்மோனைட்டு முதலியவற்றைச் சுற்றிப் படிவு உறைந்த உருண்டைகள் என்று சொன்னார்கள். செய்தித்தாள்களில் முதல் செய்தி பெரிய எழுத்தில் வந்தது. இரண்டாவது சிறிய எழுத்தில். இன்றும் சிலர் எங்களிடம், “அங்கே முட்டை கிடைத்ததாமே?” என்று கேட்கிறார்கள்.

மீண்டும் கல்லமேடு. ராட்சதன் போன அதே ஊரின் மண்ணை ஆராய்ச்சியாளர்கள் நீரில் கரைத்து, சல்லடையில் அரித்து, மிஞ்சியதை நுண்பெருக்கியில் பார்க்கிறார்கள். நம் பாட்டிமார் அரிசியில் கல் பொறுக்குவது போன்ற வேலைதான். இப்படிப் பல சிறு உயிர்களின் சுவடுகள் கல்லமேட்டிலிருந்து வந்திருக்கின்றன. அங்கே கிடைத்த ஆமை ஒன்றுக்கு 2001-ல் ‘கூர்மாடெமிஸ் கல்லமேடென்சிஸ்’ என்று பெயர் சூட்டினார்கள். கூர்மம் என்றால் ஆமை. ஊர்ப் பெயர் கூடவே இருக்கிறது. 2013-ம் ஆண்டு ஒரு பல்லைப் பற்றிய கட்டுரை வந்தது. ஒரே ஒரு பல். சில மில்லிமீட்டர் அளவு. ட்ரூடோண்டிட் என்னும் குடும்பத்தைச் சேர்ந்தது. பெரிய கண்களும், உடலுக்கு மிஞ்சிய மூளையும் உடைய, பறவைகளுக்கு மிக நெருங்கிய சிறு டைனோசார்கள் அவை. அதுவரை வட கண்டங்களில் மட்டுமே அறியப்பட்டிருந்த இனம், நாற்புறமும் கடல் சூழ்ந்து வடக்கே நகர்ந்துகொண்டிருந்த இந்தியாவுக்கு எப்படி வந்தது? இந்தியா மற்ற நிலங்களிலிருந்து பிரிவதற்கு முன்பே அக்குடும்பம் தெற்கிலும் பரவியிருந்திருக்க வேண்டும் என்று அந்தக் கட்டுரை கருதுகிறது. நூறு டன் ராட்சதன் நொறுங்கிப் போக, ஒரு அரிசிக் குருணை அளவுப் பல் நின்று இவ்வளவு பெரிய கேள்வியைக் கேட்கிறது.

இந்தப் பல் வந்த பிறகு எங்கள் விருப்பப் பட்டியலில் முதலிடம் மாறிவிட்டது. ஐந்து பேரில் மூன்று பேர் வாக்கு இதற்குத்தான். ஒரே பல்லை வைத்துப் பெயர் சூட்டுவது முறையன்று என்பதால் அதற்குத் தனிப்பெயர் இல்லை. எங்களில் ஒருத்தி தன் உயிரியல் நோட்டின் கடைசிப் பக்கத்தில் அதற்கு ஒரு பெயர் எழுதி வைத்திருக்கிறாள். கேட்டால் கையால் மூடிக்கொள்கிறாள்.